சுப்பிரமணிய ஐயர், ஜி. (1855–1916)

திருவையாற்றில் பிறந்த பத்திரிகையாளர். 1878-ல் சென்னையில் நண்பர்கள் ஐவருடன் சேர்ந்து ‘தி இந்து’வைத் தொடங்கியவர் என்றே பலரும் இவரை அறிவர். ஆனால் இவரது பெரும்பணி 1882-ல் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ என்றே கொள்ள வேண்டும். ஆங்கில ஏடு ஆட்சியாளரிடமும் படித்த வகுப்பாரிடமும் பேசியது. அரசியல் வாதங்களை ஆங்கிலம் அறியாதவரிடம் கொண்டுசென்றது தமிழ் ஏடே. 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்த பெருமைக்குரியவர், 1898-ல் ‘தி இந்து’விலிருந்து விலகினார், மறு ஆண்டே மித்திரனை நாளிதழாக்கினார். 1904-ல் பாரதியைப் பத்திரிகைத் தொழிலுக்கு அழைத்து வந்ததும் இந்த ஏட்டுக்காகத்தான்.

பாரதியின் தீவிர அரசியல் எழுத்து ‘இந்தியா’ வார இதழில்தான் வெளிவந்தது, மித்திரன் மிதவாத ஏடுதானே என்பர். தொடக்க ஆண்டுகளுக்கு அது பொருந்தும். எனினும் 1908-ல் ராஜதுரோகக் குற்றச்சாட்டில் ஐயர் கைதானது மித்திரனில் வந்த தமிழ் எழுத்துக்காகவே. அரசு எந்த மொழியில் வந்த அரசியலைக் கண்டு அஞ்சியது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. எழுத்தில் வலியுறுத்திய சீர்திருத்தத்தை வீட்டிலும் நடத்தியவர் இவர்: விதவையான தம் இளம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார், அதற்காகச் சொந்தச் சாதியாரின் புறக்கணிப்பையும் ஏற்றார். உடல்நலம் குன்றி, 1915-ல் மித்திரனை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916 ஏப்ரலில் காலமானார்.