உணவுக்குழலில் ஒவ்வாமை

அரசர்களுக்கு வரலாறு இருப்பதுபோல நோய்களுக்கும் உண்டு. இன்று நான் கூற எடுத்துக்கொண்ட நோயை, 1990ஆம் ஆண்டில்கூட மருத்துவ நூல்கள் தனி நோயாக எண்ணவில்லை.

கதை ஓர் உயிரணுவில் தொடங்குகிறது. 1879ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பால் எர்லிக் என்னும் இளம் மருத்துவர், குருதித் துளிகளுக்குச் சாயமேற்றி நுண்நோக்கியில் ஆராய்ந்தார். இயோசின் என்ற செஞ்சாயத்தை ஒருவகை வெள்ளணு மட்டும் விரும்பி ஏற்றது. கிரேக்கரின் வைகறைத் தெய்வம் ஈயோஸ். அப்பெயர் சாயத்துக்கும், சாயத்தின் வழியே அணுவுக்கும் வந்தது. அதுவே இயோசினோபில். 1906ஆம் ஆண்டில் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கே 'அலெர்ஜி' என்ற சொல்லைப் படைத்தார். நமது 'ஒவ்வாமை' அதனினும் தெளிவான சொல் என்பது என் கருத்து.

இரைப்பையிலும் குடலிலும் இவ்வணுக்கள் ஓரளவு இருப்பது இயல்பு. உணவுக்குழலில் இருப்பது இயல்பன்று. 1980களில் அங்கே அவற்றைக் கண்ட மருத்துவர்கள், இரைப்பை அமிலம் மேலேறியதன் விளைவென்றே பெரும்பாலும் கருதினர். அமிலத்தை அடக்கியும் சிலருக்குத் தொல்லை தீரவில்லை. 1993இல் ஸ்டீஃபன் அட்வுட்டும், 1994இல் ஸ்விட்சர்லாந்தின் அலெக்ஸ் ஸ்ட்ராமனும் இது வேறு நோய் என்று எழுதினர். காரணம் எதுவோ?

1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோரில் அதற்கு விடை கிடைத்தது. அமில மருந்தால் குணமடையாத பத்துக் குழந்தைகளுக்கு, முழுப் புரதம் எதுவுமின்றி அமினோ அமிலங்களால் ஆன நீருணவை மட்டும் சில வாரங்கள் அளித்தனர். எட்டுப் பேருக்குத் தொல்லை முற்றும் நீங்கியது, இருவருக்குக் குறைந்தது. பழைய உணவுகளைத் திரும்பக் கொடுத்தபோது நோயும் திரும்பியது. எவ்வளவு எளிய சோதனை, எவ்வளவு உறுதியான சான்று!

நோயின் அடையாளங்கள் வெளிப்பார்வைக்குச் சிறியவை. பள்ளியில் நண்பகல் உணவு வேளையைப் பல்லாண்டு மேற்பார்வையிட்டவன் நான். ஒவ்வொரு கவளத்தையும் நெடுநேரம் மென்று, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் குடித்து, மணி அடித்த பின்னும் உண்டுகொண்டிருக்கும் பிள்ளையை மற்றவர்கள் நகைப்பார்கள். அப்பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமுடையவர்களே. ஆயினும் இறைச்சியோ சோறோ நெஞ்சில் அடைத்து நிற்பதாக ஒருவன் மீண்டும் மீண்டும் சொன்னால், அது நகைப்புக்குரியதன்று. நீண்ட நாள் கவனியாத அழற்சி குழலைத் தடித்து ஒடுங்கச் செய்யும். உணவு சிக்கி உமிழ்நீரும் இறங்காத நிலை வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மருத்துவர் உள்நோக்குக் குழாயால் சிறு திசுத் துணுக்குகளை எடுத்து, நுண்நோக்கியின் ஒரு பார்வைப் பரப்பில் பதினைந்து அணுக்களோ மிகுதியோ உளவா என்று எண்ணுகிறார். எர்லிக்கின் சாயம் இன்றும் உதவுகிறது!

சிகிச்சை பலவகை. 1998இல், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தை விழுங்கச் செய்து பயன் கண்டனர். 2006இல் பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், மீன் வகை ஆகிய ஆறையும் விலக்கும் உணவுமுறை வெளிவந்தது. 2022இல் டூபிலுமாப் என்னும் ஊசி மருந்து அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. 2023இல் வெளியான ஆய்வொன்று, வயதுவந்தோருக்குப் பாலை மட்டும் விலக்குவதும் ஏறத்தாழ அதே அளவு பயன் தருவதாகக் காட்டியது. அதற்காக வளரும் பிள்ளைகள் தாமாகவே பாலை நிறுத்திவிடலாகாது. மருத்துவர் சொல்லி விலக்கி, சில வாரங்களுக்குப் பின் மீண்டும் திசுவைப் பார்த்தாலன்றிப் பயன் உண்டா என்று அறிய வழியில்லை.