முடி இறக்குதலும் முடி காணிக்கையும்

கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வட்டாரத்திலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும், தெய்வத்திற்கு நேர்ந்துகொண்டு தலையை மழிக்கும் வழக்கத்தை முடி இறக்குதல் என்றும் முடி காணிக்கை என்றும் மக்கள் வேறுபாடு கருதாமல் வழங்குகின்றனர். இறக்குவது சுமை, காணிக்கையோ தெய்வத்திற்குக் கொடுக்கும் பொருள். இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவே 2004ஆம் ஆண்டு மே மாதம் எருசலேமில் பெரியதொரு சட்டச் சிக்கலாக உருவெடுத்தது.

மரபுவழி யூத சமூகங்களில் மணமான பெண்கள் கூந்தலை மறைக்க வேண்டும் என்பதால், பலர் ஷெய்டல் எனப்படும் பொய்முடியை அணிவர். திருமலையில் மழிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்படும் மயிரும் அவற்றில் கலந்திருந்தது. லண்டனிலிருந்து திருமலைக்குச் சென்று பார்த்துவந்த ரப்பி (யூதச் சமயச் சட்ட அறிஞர்) அஹரோன் டன்னரின் அறிக்கையைக் கேட்டபின், முன்பு இம்மயிரை அனுமதித்திருந்த எருசலேம் ரப்பி யோசெப் ஷாலோம் எலியாஷிவ், அம்மயிர் அந்நிய வழிபாட்டுக்கு (எபிரேயத்தில் அவோடா ஸாரா) படைக்கப்பட்ட பொருளே என்று தீர்ப்பளித்தார். அத்தகைய படையலால் எவ்விதப் பயனும் அடையக் கூடாது என்பது யூதச் சட்டமாதலால், புரூக்ளினிலும் இஸ்ரேலின் பினே பிராக்கிலும் பொய்முடிகள் தெருவில் எரிக்கப்பட்டன. மழித்தல் கருவறையில் அன்றிக் கல்யாணக்கட்டா என்னும் தனிக் கட்டடத்தில் நடப்பதாலும், மயிர் மூர்த்தியின் முன் வைக்கப்படாததாலும் அது படையலாகாது என்று மறுத்தோரும் இருந்தனர். முடி இறக்குதல் என்ற சொல்லை அறியாமலே அவர்கள் அதன் பொருளுக்காக வாதாடினர் எனலாம்.

சிக்கலின் வேர் இன்னும் ஆழமானது: உருவத்தை வணங்குவதே அந்நிய வழிபாடாகுமா என்ற கேள்வி அது. உருவம் பரம்பொருளின் அடையாளமே என்ற விடை இந்துக்களிடையே வழக்கமானது. ஆனால் 12ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிசுக்கு அது போதாது. சிலையே உலகைப் படைத்தது என்று எவரும் எண்ணுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் அவர், கடவுளின் ஏவலர் என்று கருதி விண்மீன்களுக்குச் செய்த மரியாதையிலிருந்தே பிழை தொடங்கியது என்கிறார். அதாவது, இடைப்பொருளை வணங்குவதே குற்றம். இதற்கு மாறாக, 13ஆம் நூற்றாண்டில் பெர்பிஞானில் வாழ்ந்த யூத அறிஞர் மேயிரி, சமய ஒழுக்கத்தால் கட்டுண்ட மக்களைப் பண்டைய உருவ வழிபாட்டாளரோடு சேர்க்கலாகாது என்றார். இந்துக்களைக் குறித்து இக்கால யூத அறிஞர் சிலர் நாடுவது இவ்வழியையே. விக்கிரகங்கள் மனிதக் கைகள் செய்தவை என்பது எபிரேயத் தீர்க்கதரிசிகளின் பழைய ஏளனம். கொல்லிமலையின் பாவை உருவமான கொல்லிப்பாவையையோ குறுந்தொகை தெய்வம் எழுதியதாகவே கூறுவதால், அந்த ஏளனம் இம்மலையில் எளிதாக ஒட்டுவதில்லை.

2008 பிப்ரவரியில் எருசலேமில் நடந்த இந்து–யூதத் தலைவர்கள் சந்திப்பில், திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் பிறந்த சுவாமி தயானந்த சரஸ்வதியும் இஸ்ரேலின் அப்போதைய தலைமை ரப்பி யோனா மெட்ஸ்கரும் பங்கேற்றனர். இந்துக்கள் வணங்குவது ஒரே பரம்பொருளையே என்று அதன் அறிவிப்பு உரைத்தது. ஆயினும் அறிவிப்பு வேறு, சட்டத் தீர்ப்பு வேறு. 2004க்குப் பின், மயிர் இந்தியக் கோயில்களிலிருந்து வந்ததன்று என்னும் ரப்பிகளின் சான்றிதழோடு பொய்முடிகள் விற்பனைக்கு வரலாயின.