நடக்காத நாளையைச் சொல்வது: தமிழின் 'ஆல்', ஆங்கிலத்தின் 'இஃப்'

'அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா' என்கிறோம். 'நாளை மழை பெய்தால் பள்ளிக்கு விடுமுறை' என்றும் சொல்கிறோம். முதலாவது நடக்கவே நடக்காது, இரண்டாவது நடக்கலாம். ஆனால் வினையின் வடிவம் இரண்டிலும் ஒன்றுதான்: இறந்தகால அடியோடு 'ஆல்' சேர்கிறது. நடக்குமா, நடக்காதா என்பதைக் கேட்பவரே சூழலைக்கொண்டு புரிந்துகொள்கிறார். தொல்காப்பியம் சொல்லும் 'செயின்' வாய்பாட்டில், அதாவது வரின், பெய்யின் என்ற பழைய வடிவங்களில், இறந்தகாலக் குறி கிடையாது. ஆனால் அங்கும் இந்த வேறுபாட்டுக்குத் தனி வடிவம் இல்லை.

ஆங்கிலம் அப்படி விட்டுவிடுவதில்லை. 'இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, வி வில் ஸ்டே ஹோம்' என்றால் மழைக்கு வாய்ப்பு உண்டு என்று பேசுபவர் கருதுகிறார். 'இஃப் இட் ரெயின்ட் டுமாரோ, வி வுட் ஸ்டே ஹோம்' என்றால் மழையை அவர் எதிர்பார்க்கவில்லை. 'ரெயின்ட்' வடிவத்தில் இறந்தகாலம், பொருளில் நாளை. ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கண நூல் இதை 'ரிமோட்' நிபந்தனை என்கிறது. பொருத்தமான பெயர். சொல்லப்படும் செய்தி பொய் என்று இந்த வடிவம் அடித்துச் சொல்வதில்லை. பேசுபவர் அதிலிருந்து தள்ளி நிற்கிறார், அவ்வளவுதான்.

இந்தத் தள்ளி நிற்றல்தான் நம் பிள்ளைகளுக்குப் பிடிபடுவதில்லை. வேலைக்கான நேர்காணலில் ஒருவர், 'இஃப் யூ கேவ் மீ திஸ் ஜாப், ஐ வுட் ஜாயின் ஆன் மண்டே' என்கிறார். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வேலை கிடைக்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லாததுபோல் ஒலிக்கிறது. 'கிவ்' என்றும் 'வில்' என்றும் சொல்லியிருக்க வேண்டும். 'வுட்' போட்டால் பணிவு கூடும் என்ற எண்ணத்தில் 'இஃப் யூ கிவ்' என்று தொடங்கி 'ஐ வுட் ஜாயின்' என்று முடிப்பவர்களும் நிறையப் பேர்.

பணிவுக்கும் இந்த வடிவத்துக்கும் உறவே இல்லை என்று சொல்ல முடியாது. 'வுட் இட் பி ஆல்ரைட் இஃப் ஐ டுக் லீவ் டுமாரோ?' என்று கேட்கும்போது, அதே தள்ளி நிற்றல் மரியாதையாகிறது. நாம் அந்த இடத்தில் 'நாளைக்கு லீவு எடுத்துக்கலாமா சார்?' என்போம். பணிவை 'லாமா'வும் 'சார்' என்பதும் சுமந்துகொள்கின்றன, காலம் மாறுவதில்லை.

'வேர் டு' என்ற அமைப்பு இன்னும் ஒரு படி தள்ளி வைக்கும். 'இஃப் தி டேம் வேர் டு ப்ரேக்' என்பதற்கு நம்மிடம் நெருங்கி வருவது 'அணை உடைவதாக வைத்துக்கொள்வோம்.' 'வேர் டு' நிகழ்ச்சிகளுக்கே பொருந்தும். 'நோ', 'லைக்' போன்ற நிலையைச் சொல்லும் வினைகளோடு ஒட்டாது. 'எனக்கு இந்தி தெரிந்தால்' என்று கற்பனையாகச் சொல்ல 'இஃப் ஐ நியூ ஹிந்தி' போதும்.

வேறுபாடு இத்தனை இருந்தும் இரு மொழிகளும் ஓரிடத்தில் அப்படியே ஒத்துப்போகின்றன. நாளைக்குத்தான் ஊர் திரும்பும் ஒருவரைத் தேடி நண்பர் இன்றே வந்துவிடுகிறார். 'நாளைக்கு வந்திருந்தால் பார்த்திருக்கலாம்' என்கிறோம். ஆங்கிலத்திலும் 'இஃப் யூ ஹேட் கம் டுமாரோ, யூ வுட் ஹேவ் மெட் ஹிம்' என்று சொல்வதுண்டு. நாள் இன்னும் விடியவில்லை, வாய்ப்பு முடிந்துவிட்டது. அதனால்தான் நாளைக்கும் 'இருந்தால்', 'ஹேட்.' இந்தச் சூட்சுமம் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

பள்ளிகளில் இதையெல்லாம் முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று எண் போட்டு ஒப்பிக்க வைக்கிறார்கள். எண் மறந்தால் எல்லாம் மறந்துவிடும். ஆங்கில ஆசிரியர்கள் மீசை முளைத்த அத்தையையும் நாளை மழையையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 'இதில் எது நடக்கும் என்று நினைக்கிறாய்?' என்று முதலில் கேட்கட்டும். வினையின் வடிவத்தை அதற்குப் பிறகு கற்றுக்கொடுக்கலாம்.