அயல் நாணயத்தில் பிறந்த டாலர்

ஒரு நாட்டின் இறையாண்மைக்கு அடையாளம் அதன் நாணயம் என்பர். ஆனால், அமெரிக்கா விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு ஆகும் வரை, ஸ்பெயின் மன்னரின் உருவம் பொறித்த வெள்ளிக் காசுகளும் அங்கே புழங்கின. அந்நாட்டுச் சட்டமே அதற்கு இசைவளித்திருந்தது.

குடியேற்ற நாடுகளாக இருந்த காலத்தில் அங்கு நாணயத் தட்டுப்பாடு நிலவியது. தன் வெள்ளிக் காசுகள் வெளியேறுவதை இங்கிலாந்து தடுத்திருந்தது. எனவே, மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1652-இல் பாஸ்டனில் நாணயச்சாலை அமைக்க ஆணையிட்டது. ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் என்ற இரு பொற்கொல்லர்கள் வெள்ளி ஷில்லிங்குகளை அடித்தனர். அவை நாட்டைவிட்டு வெளியேறாமல் இருக்க, ஆங்கிலேய ஷில்லிங்கைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெள்ளி குறைக்கப்பட்டது. அப்போது இங்கிலாந்தில் மன்னராட்சி இல்லை. மீண்டும் மன்னர் வந்தபோது, நாணயம் அடிக்கும் உரிமை தமக்கே உரியது என்றார். 1684-இல் மாசசூசெட்ஸின் உரிமைப் பட்டயம் பறிக்கப்பட்டது. அனுமதியின்றி நாணயம் அடித்ததும் அதன்மீது கூறப்பட்ட குற்றங்களுள் ஒன்று.

மக்களின் கைகளில் உண்மையில் புழங்கியது, மெக்சிகோவிலும் பொடோசியிலும் அடிக்கப்பட்ட ஸ்பானிய வெள்ளிக்காசு. பொஹீமியாவின் ஜோகிம்ஸ்தால் பள்ளத்தாக்கில் பிறந்த 'தாலர்' என்ற பெயர் திரிந்து 'டாலர்' ஆகி, அதற்கு வழங்கலாயிற்று. 1775-இல் புரட்சிப் பேரவை வெளியிட்ட காகிதப் பணமும் ஸ்பானிய டாலர்களைத் தருவதாகவே உறுதி கூறியது. அப்பணம் மதிப்பிழந்த கசப்பான அனுபவத்துக்குப் பின், பொன், வெள்ளி நாணயங்களைத் தவிர வேறெதையும் கடன் தீர்க்கும் பணமாக மாநிலங்கள் ஆக்கக் கூடாது என அரசமைப்புச் சட்டம் விதித்தது. நாணயம் அடிக்கும் அதிகாரத்தையும், அயல் நாணயங்களின் மதிப்பை நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் அது நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தது.

1792 ஏப்ரல் 2-ஆம் நாள் இயற்றப்பட்ட நாணயச் சட்டம், அமெரிக்க டாலரை ஸ்பானிய டாலருக்கு ஈடானதாக வரையறுத்தது. அதில் 371.25 கிரெயின், அதாவது சுமார் 24 கிராம், தூய வெள்ளி இருக்க வேண்டும். நாணயத்தின் தரத்தைக் கெடுக்கும் நாணயச்சாலை அலுவலருக்கு மரண தண்டனை என்றும் அச்சட்டம் கூறியது. முதல் வெள்ளி டாலர்கள் 1794-இல் ஃபிலடெல்பியாவில் வெளிவந்தன. அவ்வாண்டில் வெளியானவை 1,758 மட்டுமே. இதனால் போதிய காசு இராது என்பதை முன்னரே உணர்ந்து, 1793-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்பானிய டாலரையும் கடன் தீர்க்கச் செல்லத்தக்க பணமாக ஏற்றிருந்தது.

அதன் விளைவைப் பொருளியல் அறிந்தோர் எளிதில் ஊகிக்கலாம். மேற்கிந்தியத் தீவுகளில் இரு டாலர்களும் ஒன்றுக்கொன்றாக மாறின. ஸ்பானிய டாலரிலோ வெள்ளி சற்று மிகுதி. வணிகர்கள் புத்தம் புதிய அமெரிக்க டாலர்களை அங்கே கொடுத்து, ஸ்பானியக் காசுகளைப் பெற்றுவந்து, நாணயச்சாலையில் இலவசமாக மறுபடியும் அடித்து வாங்கினர். அரசு அடித்த காசு உள்நாட்டில் தங்கவில்லை. 1804-இல் வெள்ளி டாலர் அடிப்பது நின்றது. மீண்டும் தொடங்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கலிஃபோர்னியத் தங்கமும் எடை குறைந்த சிறு வெள்ளிக் காசுகளும் பெருகிய பின்னரே, 1857-இல் அயல் நாணயங்களின் சட்டத் தகுதி நீக்கப்பட்டது.

இன்றைய நிலை விந்தையானது. 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்க அரசு எப்போது அடித்த நாணயமாயினும் செல்லும். ஆகவே, 2013-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போன 1794-ஆம் ஆண்டு டாலர், கடைக்காரரிடம் ஒரு டாலர் கடனைத்தான் தீர்க்கும். அதற்கு முன்மாதிரியான ஸ்பானியக் காசோ எந்தக் கடனையும் தீர்க்காது.

நாணயத்துக்குப் பெயரையும் முகமதிப்பையும் சட்டம் வழங்கலாம். அது எவர் கையில், எந்த ஊரில் தங்கும் என்பதை வணிகமும் நம்பிக்கையுமே முடிவு செய்கின்றன. இன்று உலகெங்கும் கோலோச்சும் டாலர், தன் சொந்த மண்ணிலேயே அயல் காசோடு போட்டியிட முடியாமல் முடங்கியிருந்த வரலாறு உணர்த்துவது இதைத்தான்.