பதினைந்து மீட்டருக்குக் கீழே

போன ஐப்பசி மழையில எங்க ஊர் ஏரிக்கரையில நண்டு வளை ஒண்ணு வழியா தண்ணி கசிய ஆரம்பிச்சுது. ராத்திரி ரெண்டு மணிக்கு மண்மூட்டை போட்டு அடைச்சோம். கரைக்குக் கீழே கூப்பிடு தூரத்துல இருபது வீடு.

விஷயம் கேள்விப்பட்டு சென்னையிலிருந்து மச்சான் மகன் போன் பண்ணினான். "மாமா, உங்க ஏரி அணைப் பாதுகாப்புச் சட்டத்துல வருதா?"

வராது. 2021ஆம் வருஷச் சட்டப்படி, அஸ்திவாரத்தின் அடியிலிருந்து 15 மீட்டருக்கு மேல் உயரம் இருக்கணும். 10க்கும் 15க்கும் நடுவுல இருந்தா 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு மாதிரி ஏதாவது ஒண்ணு சேர்ந்து இருக்கணும். எங்க கரை ரெண்டு ஆள் உயரம்.

வக்கீல் நண்பர் ஒருத்தர் முன்னாடி சொன்ன பழைய வழக்கு அப்பத்தான் ஞாபகம் வந்தது. இப்ப ஆந்திராவில் இருக்கிற கார்வேட்டிநகரம் ஜமீன்ல பெருமழைக்கு ஏரிகள் உடைஞ்சு, மெட்ராஸ் ரயில்வே கம்பெனியோட பாலங்கள் அடிச்சுக்கிட்டுப் போச்சு. கம்பெனி ஜமீன்தார் மேல நஷ்டஈடு கேட்டது. அவங்க காட்டினது ஒரு இங்கிலீஷ் தீர்ப்பு. லங்காஷயர்ல ரைலண்ட்ஸ் என்ற மில் முதலாளி கட்டின நீர்த்தேக்கத்துத் தண்ணி, பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள புகுந்துடுச்சு. தன் நிலத்தில் ஆபத்தானதைக் கொண்டுவந்து தேக்குறவன், தப்பே செய்யலேன்னாலும் பொறுப்புன்னு 1868இல் பிரபுக்கள் சபை சொல்லிச்சு.

ஆனா 1874இல் பிரிவி கவுன்சில் அதை இங்கே ஏத்துக்கலை. ஏரி மில்காரன் குட்டை இல்லை. ஜனங்க பிழைப்பே அதில்தான். ஜமீன்தார் வேண்டாம்னு அதைத் தூர்த்துட முடியாது, காப்பாத்துறது அவர் கடமை. அஜாக்கிரதை இருந்தாத்தான் அவர் பொறுப்பு. கம்பெனி தோத்துப்போச்சு. ஏரிக்குக் கீழே பாலம் கட்டினது அவங்கதானே!

எங்க பக்கம் அரியலூர், உடையார்பாளையம் ஜமீன் சீமை. 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம் ஜமீன் ஏரிகள் சர்க்கார் கைக்குப் போச்சு. இப்ப 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டுன்னா ஊராட்சி ஒன்றியம், அதுக்கு மேலன்னா நீர்வளத்துறை.

1858இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் ஒண்ணு உண்டு. கரை உடையுற நிலைமைன்னா ஊர் ஆளுங்களைக் கட்டாயமா வேலைக்கு இழுக்கலாம். கொடுமைதான், மறுக்கலை. ஆனா அது கரை எத்தனை மீட்டர்னு கேக்கலை. அமெரிக்காவில் பல மாநிலங்கள்ல தனியார் மண் அணையைக்கூட, உடைஞ்சா கீழே இருக்கிற உயிருக்கு என்ன ஆகும்னு பார்த்துத்தான் அபாயத் தரம் பிரிக்கிறாங்க. எங்க இருபது வீட்டை அப்படி எண்ணுறவங்க இங்கே யாரும் இல்லை.

பங்குனியில தண்ணி வத்தினதும் கரைமேல இருக்கிற சீமைக்கருவேலத்தை வேரோட எடுக்கிறதா பேசியிருக்கோம். வேர் மக்கினா அந்த ஓட்டையே தண்ணிக்கு வழி. குழியில களிமண் போட்டு திமிசால இடிக்கணும். ஆளுதான் சேரணும், பாதிப் பசங்க திருப்பூர்ல இருக்கானுங்க.