தரமா, எழுத்தா? பன்வில தோட்டப் பிள்ளைகளும் தொகைமதிப்பின் எழுத்தறிவு வீதமும்

மலையகக் கல்வி பற்றிய ஆய்வுகளில் ஒரு வாசிப்பு நெடுங்காலமாக அசையாமல் நிற்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன, வீட்டுவசதிகள் தொகைமதிப்பில் நாட்டின் எழுத்தறிவு வீதம் 95 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. தோட்டத்துறையிலோ 86 சதவீதத்தை ஒட்டியே நின்றது. வயதுவாரியாகப் பிரித்தால் இக்குறை முதியோரிடம், அதிலும் முதிய பெண்களிடம், குவிந்து கிடக்கிறது. இளையோரிடம் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே எழுத்தறிவின்மை ஒரு தலைமுறையோடு கழிந்துவிடும் என்றும், பதின்வயதினரின் சிக்கல் இனிக் கணிதமும் விஞ்ஞானமும் உயர்தர வாய்ப்புமே என்றும் முடிவு கட்டுகிறார்கள். முதியோரைப் பற்றிய பகுதியோடு எனக்குப் பிணக்கில்லை. மற்றப் பகுதியை ஏற்க முடியவில்லை. பன்வில, மடுல்கலை, கலபொக்க, ஹாத்தலைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் 9ஆம், 10ஆம் தரத்துக்கு வந்தும் சொந்தமாக நான்கு வாக்கியம் கோத்தெழுத முடியாத பிள்ளைகள் இருப்பது அங்கு கற்பிப்பவர்களுக்குப் புதுச் செய்தியாக இராது. விளக்கம் வேண்டுவது, அந்தப் பிள்ளைகள் எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏன் தலைகாட்டுவதில்லை என்பதற்கே.

அந்த வீதம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். தொகைமதிப்பு உத்தியோகத்தர் வீட்டுக்கு வருகிறார். பத்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் எழுதவும் வாசிக்கவும் தெரியுமா என்று கேட்டுக் குறிக்கிறார். பதில் சொல்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர், அல்லது அந்நேரம் கொழுந்துக்குப் போகாமல் லயத்தில் இருக்கும் யாரோ ஒருவர். பிள்ளையின் கையில் பேனா கொடுக்கப்படுவதில்லை. பாடசாலைக்குப் போகும் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் பெற்றோர் எதை வைத்துப் பதில் சொல்வர்? அவர்களுக்குத் தெரிந்த சான்று ஒன்றுதான்: பிள்ளை படிக்கும் தரம். 'ஒம்பதாம் வகுப்புப் படிக்கிறான், எழுதத் தெரியாமலா?' என்பதே இயல்பான பதில். இதைப் பொய் என்று தள்ள முடியாது. சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்த தாத்தாவோடும் கையெழுத்து மட்டும் போடப் பழகிய தாயோடும் ஒப்பிட்டால் அந்தப் பிள்ளை எழுதத் தெரிந்தவன்தான். ஆனால் இப்படிப் பெறப்படும் பதில் பிள்ளையின் எழுத்தை அளப்பதில்லை. அவன் பாடசாலைக்குப் போனதை இன்னொரு பெயரில் மீண்டும் எண்ணுகிறது. பிறகு அதே எண்ணைப் பாடசாலை தன் வேலையைச் செய்து முடித்துவிட்டதற்குச் சாட்சியாக நிறுத்துகிறோம். வாதம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது.

பெற்றோரை மட்டுமா மேல்வகுப்பு என்ற சான்று ஏமாற்றுகிறது? சொந்தமாக எழுத முடியாத அத்தகைய மாணவன் ஒருவனின் வரலாற்றுக் கொப்பியைப் புரட்டினால் கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதிய பக்கங்கள் மணிமணியாக இருக்கும். தலைப்புக்குச் சிவப்புக் கோடும் இழுத்திருப்பான். அவனையே அதிபருக்கு ஒரு விடுமுறைக் கடிதம் எழுதச் சொன்னால் 'கனம் அதிபர் அவர்கட்கு' என்ற மனப்பாட வரிக்குப் பிறகு கை நின்றுவிடும். அடுத்து வருவதில் மெய்க்குப் புள்ளியிராது. லகர ளகரங்கள் இடம் மாறும். எழுவாய் ஒருமையிலும் பயனிலை பன்மையிலும் நிற்கும். பார்த்தெழுதுவது வேறு திறன், நினைத்ததை எழுதுவது வேறு திறன். மேல்வகுப்புக் கொப்பி முதலாவதற்கே சான்று தருகிறது. கொப்பியைப் பார்க்கும் தாய்க்கும், கொப்பி திருத்தப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மேற்பார்வையாளருக்கும் இரண்டாவதன் இன்மை தெரிய வழியில்லை.

இது ஊகந்தானே என்று கேட்கலாம். ஒரு பகுதி ஊகந்தான். ஆனால் கேட்டுப் பெற்ற பதிலும் நேரடிச் சோதனையும் எவ்வளவு விலகிப் போகக்கூடும் என்பதற்கு நாடு தழுவிய சான்று உண்டு. 2021 டிசம்பரில் அரச பாடசாலைகளின் 3ஆம் தர மாணவரிடம் நடத்திய மதிப்பீட்டில் மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சி காட்டியோர் 34 சதவீதமே. எண்ணறிவில் 7 சதவீதம். கொரோனாவால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலத்தின் விளைவு அது என்ற மறுப்பு நியாயமானது. அந்த எண்ணைப் பன்விலவுக்கோ மேல்வகுப்புக்கோ அப்படியே பொருத்த நான் முயலவில்லை. நான் கேட்பது வேறு. அந்தப் பிள்ளைகள் இரண்டே ஆண்டில் பத்து வயதைத் தொட்டார்கள். பாடசாலைக்குப் போய்வரும் அவர்களில் எத்தனை பேருக்கு வீட்டார் 'தெரியாது' என்று குறிக்கச் சொல்வர்? கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 1998இல் 5 முதல் 14 வயது வரை நடைமுறைக்கு வந்தன. 2016இல் எல்லை 16 ஆயிற்று. இவை பிள்ளைகளை வகுப்பில் வைத்திருந்தன என்பதில் ஐயமில்லை. வகுப்பேற்றமோ பெரும்பாலும் தடையின்றியே நடக்கிறது. இந்நிலையில் எழுத்துத் திறன் இம்மியும் உயராவிட்டாலும் எழுத்தறிவு வீதம் உயரத்தான் செய்யும்.

வீட்டுப் பேச்சுத்தமிழ் பாடநூல் தமிழிலிருந்து விலகியிருப்பதே பிள்ளைகள் எழுத முடியாததற்குக் காரணம் என்போர் உளர். தமிழ் பேசும் எந்த ஊரில் விலகியில்லை? கைபேசிக் குரற்பதிவு எழுத்தைக் கெடுத்துவிட்டது என்பதோ கைபேசிக்கு முன்பிருந்த கொப்பிகளைப் பாராதவர் பேச்சு. கனமான மறுப்பு ஒன்றே: வீட்டில் கேட்டு எழுதுவது உலக வழக்கம், இலங்கையை மட்டும் குறை சொல்வானேன்? வழக்கம் என்பது சரி. அந்த வழக்கத்தின் போதாமை கண்டுதான் இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 முதல் அசர் ஆய்வில் பிள்ளையின் கையிலேயே பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறது. (அதுவும் வாசிப்போடும் கணக்கோடும் நின்றுவிடுகிறது, எழுத்து அங்கும் அநாதைதான்.) தமிழ்நாடு 2025இல் 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்கு அடிப்படைத் திறன் மீட்புக்கெனத் 'திறன்' திட்டம் கொண்டுவந்தது. அது எவ்வளவு பயன் தரும் என்பது ஒருபுறமிருக்க, தொடக்கநிலைக் குறை மேல்வகுப்பிலும் தொடர்கிறது என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. தரத்தை வைத்து எழுத்தைக் கணிக்கும் எண்ணோடு இருக்கும்வரை நமக்கு அந்த ஒப்புதலும் வாய்க்காது.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத் துரைமாரிடம் கேட்டது 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கான தாய்மொழிக் கல்வி மட்டுமே. அரசு பொறுப்பேற்றுப் பல பத்தாண்டுகள் ஆகியும் எழுதக் கற்பிப்பது ஆரம்பப் பிரிவின் வேலை என்ற எண்ணம் அந்த எல்லையைத் தாண்டவில்லை. தோட்டத்து ஆரம்பப் பாடசாலையில் 5ஆம் தரம் முடித்து மேற்பிரிவுள்ள பாடசாலைக்கு இறங்கிவரும் பிள்ளைக்கு அங்கே தமிழ் ஆசிரியர் இலக்கணமும் இலக்கியமும் தொடங்கிவிடுகிறார். எழுத்துக்கூட்டல் அவரது நேரசூசியில் இல்லை. வருடாந்தப் பாடசாலைக் கணக்கெடுப்பு மாணவர் தலையையும் ஆசிரியர் தலையையும் எண்ணுகிறது. 6ஆம் தரத்தில் சேரும் நாளிலும் 9ஆம் தர இறுதியிலும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, ஒரு பாடவேளைக்குள் பிள்ளை தானாக எழுதும் ஐந்து வாக்கியங்களைச் சேகரிக்க இப்பாடசாலைகள் அடங்கும் வத்தேகம கல்வி வலயத்துக்குப் புதிய நிதியொதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. அந்தத் தாள்கள் கையில் வரும்வரை, தலைமுறை மாற்றத்தோடு இடைவெளி மூடிவிட்டது என்ற வாசிப்புக்குப் பதின்வயதினர் தரப்பிலிருந்து ஆதாரம் எதுவும் இல்லை.