கட்டிலருகே ஒரு பரீட்சை

வைத்திய நூல்களைக் கற்றவரெல்லாம் நல்ல வைத்தியராவர் என்று எவரும் உறுதி கூறார். நாடி பார்க்கும் விரலும், நெஞ்சின் ஓசையைப் பகுத்தறியும் செவியும், நோயாளியின் அச்சத்தைத் தணிக்கும் சொல்லும் பழக்கத்தால் வருவன. அவற்றை மாணவர் பெற்றுவிட்டனரா என்று அளந்தறிவது எங்ஙனம்?

1842 ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையில் ஜோர்ஜ் பஜெற் என்னும் வைத்தியர் இவ்வினாவுக்கு ஒரு விடை கண்டார். இறுதிப் பரீட்சையிலே மாணவரை நோயாளியின் கட்டிலருகே நிறுத்திச் சோதித்தல் வேண்டுமென வற்புறுத்தி, அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பிரித்தானியாவில் ஒழுங்காக நடைபெற்ற இத்தகைய பரீட்சைகளுள் இதுவே முதலாவது.

எனினும், இம்முறையிலும் ஒரு குறை இருந்தது. ஒரு மாணவருக்கு எளிய நோயுடையார் வாய்ப்பர்; மற்றொருவருக்கோ அரிய நோயுடையார் வாய்ப்பர். பரீட்சகருள்ளும் கண்டிப்பானவர் உண்டு. இளகிய மனத்தினரும் உண்டு. மேலும், மாணவர் நோயாளியைத் தனியே சோதித்துவிட்டு வந்து சொல்வதை மட்டுமே பரீட்சகர் பல வேளைகளிற் கேட்டனர். எந்தத் திறமையை அளக்க முற்பட்டனரோ, அத்திறமையை அவர்கள் கண்ணாற் காணவில்லை! ஆண்டுக்கணக்கான உழைப்பின் பயனைக் குருட்டதிர்ஷ்டம் தீர்மானிப்பது நீதியாகுமா?

1963 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தென் கலிபோர்ணியாச் சர்வகலாசாலையைச் சேர்ந்த நரம்பியல் வைத்தியர் ஹவாட் பரோஸ் ஒரு புதுவழி கண்டார். நலமுள்ள ஒரு பெண்ணுக்கு நோயாளியைப் போல நடிக்கப் பயிற்சி அளித்தார். இதனால் மாணவர் அனைவரும் ஒரே நோயைச் சந்திக்க முடிந்தது.

1975 ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் றொனால்ட் ஹார்டனும் அவருடைய துணைவர்களும் பரீட்சையையே பல நிலையங்களாகப் பிரித்தனர். மாணவர் ஒவ்வொரு நிலையமாகச் சுற்றிவருவர். ஓரிடத்தில் நோயின் வரலாற்றைக் கேட்டறிவர். வேறோரிடத்தில் உடலின் ஒரு பகுதியைச் சோதிப்பர். அடுத்த நிலையத்தில் முன்னர் கண்டவை பற்றிய வினாக்களுக்கு விடையளிப்பர். பரீட்சகர் அருகிருந்து நோக்கி, முன்னரே வகுத்த பட்டியலின்படி புள்ளியிடுவர். இம்முறை பின்னர் உலகின் பல நாடுகளிலும் பரவியது.

நோயாளியைத் துண்டு துண்டாகக் காணுமாறு இம்முறை மாணவரைப் பழக்குகின்றது என்று குறைகூறுவோரும் உளர். அக்கூற்றிலும் உண்மை உண்டு. மனிதர் உறுப்புகளின் தொகுதி மட்டுமல்லரே! ஆயினும், ஏட்டறிவுக்கு அப்பாற் சென்று, மாணவரின் செயலை நேரிற் கண்டு, யாவருக்கும் ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும் என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது. நாளை அம்மாணவரின் கையிலே தம் உயிரை ஒப்படைக்கப்போகும் நோயாளருக்கு அதுவே பெருங் காவலாகும்.